கவூவைக் கொன்றால் என் கிரீச்சர் தப்புமா?

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "மேஜிக் த கேதரிங் கார்ட் ஆட்டம் ஆடும்போது எதிராளி ஃபிளேம்டங் கவூ என்ற கிரீச்சர் (உயிரின) கார்டை இறக்கினார். களத்துக்கு வந்ததும் அது ஒரு கிரீச்சருக்கு 4 சேதம் கொடுக்கும். என் 2/2 (தாக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2) கிரீச்சரைக் குறிவைத்தார். நான் 3 சேதம் கொடுக்கும் லைட்னிங் போல்ட் கார்டால் கவூவைக் கொல்லப் போனேன். 'ட்ரிகர் (தானாகக் கிளம்பும் விளைவு) உடனே நடந்துவிடும், இடையில் புக முடியாது' என்றார் எதிராளி. சரியா? ஸ்டைஃபிள் என்ற கார்ட் இருந்தால்தான் தடுக்கலாம் என்று கார்ட் எடுத்துத் தருபவர் ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

முன்பணம் கொடுக்க வேண்டாம் தம்பி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எதிராளி சொன்னது பிழை. கவூ களத்துக்கு வந்ததும் அதன் ட்ரிகர் ஸ்டாக்கில், அதாவது நடக்கக் காத்திருக்கும் விளைவுகளின் அடுக்கில், ஏறும். ஏறும்போதே டார்கெட்டைச் சொல்லியாக வேண்டும். அதன்பின் இரண்டு பேருக்கும் பதில் போட வாய்ப்பு உண்டு. கடைசியாகப் போட்டது முதலில் நடக்கும். ஆகவே அவர் குறியைச் சொன்னதும் "பொறுங்கள், பதில் இருக்கிறது" என்று வாய்திறந்து சொல்லுங்கள். வேகமாகக் கார்டைத் தட்டிவிட்டுச் சேதத்தையும் எழுதிவிடுகிறவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆனால் உங்கள் போல்ட்டும் உதவியிருக்காது. கல்லை எறிந்தவனைப் பிடித்தாலும் எறிந்த கல் வந்து விழும். ஸ்டாக்கில் ஏறிய ட்ரிகருக்குக் கவூ உயிரோடு இருக்கத் தேவையில்லை. காப்பாற்றக்கூடியது ஜயண்ட் குரோத் என்ற பச்சைக் கார்ட். 2/2 அந்தச் சுற்று முடியும்வரை 5/5 ஆகும், 4 சேதத்தைத் தாங்கும். உங்கள் கிரீச்சரைக் கைக்குத் திருப்பி எடுத்தாலும் ட்ரிகர் வீணாகும்.

சில கார்டுகளில் மட்டும் ட்ரிகரைக் கொண்டுவந்த கிரீச்சரைக் கொல்வது பலிக்கும். உதாரணமாக, எதிராளியின் பானிஷர் பிரீஸ்ட் என்ற கிரீச்சர் வந்ததும் உங்கள் கிரீச்சரை, தான் களத்தைவிட்டுப் போகும்வரை, வெளியேற்றும். ட்ரிகர் ஸ்டாக்கில் இருக்கும்போதே பிரீஸ்ட்டைப் போல்ட்டால் கொன்றால் உங்கள் கிரீச்சர் அசையாது. இதை நம்பி ஃபீண்ட் ஹண்டர் என்ற கிரீச்சருக்கும் அப்படியே செய்துவிடாதீர்கள். அதில் வெளியேற்றுவது ஒரு ட்ரிகர், திருப்பித் தருவது இன்னொரு ட்ரிகர். அவசரப்பட்டுக் கொன்றால் திருப்பித் தரும் ட்ரிகர் மேலே ஏறி முதலில் நடக்கும். அப்போது திருப்பித் தர ஒன்றும் இருக்காது. அப்புறம் வெளியேற்றும் ட்ரிகர் நடக்கும், உங்கள் கிரீச்சர் ஒரேயடியாகப் போய்விடும். ஹண்டர் வெளியேற்றி முடிக்கட்டும், பிறகு போல்ட் போடுங்கள், கிரீச்சர் திரும்பி வரும். இரண்டு கார்டும் பார்வைக்கு ஒரே வேலை செய்பவை. இந்த வித்தியாசத்தை விளக்க கார்டில் ஒரு வரிகூடக் கிடையாது. 200 பக்கத்தைத் தாண்டும் விதிப் புத்தகத்தில் தேடு என்கிறார்கள். பக்கத்தில் நடுவர் இல்லாமல் வீட்டு மேசையில் ஆடும் பிள்ளைகள் எத்தனை ஆட்டத்தை இப்படி அநியாயமாக இழக்கிறார்கள்!

இப்போது அந்த முன்பணக்காரர். 2003இல் வந்த ஸ்டைஃபிள் ட்ரிகரைத் தடுக்கும், அது உண்மை. ஆனால் அதற்கு நீல மானா (கார்டைப் போடத் தேவையான சக்தி) வேண்டும். போல்ட் சிவப்பு, நீங்கள் ஆடுவது சிவப்பு மானா தரும் மவுண்டன் கார்ட். நீல மானா தரும் தீவு கார்ட் இல்லாமல் ஸ்டைஃபிளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும். இதைக்கூடக் கேட்காமல் விற்க வருகிறவர் உங்களுக்காக வரவில்லை. ஊரில் கடை இல்லை, பார்சல் தாமதம் என்று சொல்லியே இவர்கள் விலையை ஏற்றுகிறார்கள், போலிகளையும் கலக்கிறார்கள். யாரிடம் வாங்கினாலும் நகைக்கடை லென்ஸால் கறுப்பு எழுத்தைப் பாருங்கள். அசலில் மை ஒரே திடமாக, ஓரம் கூர்மையாக இருக்கும். போலிகள் பலவற்றில் எழுத்தே நிறப் புள்ளிகளால் ஆனது. பார்த்துவிட்டுத்தான் காசு.

பச்சையும் சேர்த்து ஆடுவதாக இருந்தால் ஜயண்ட் குரோத் நான்கு வாங்குங்கள். சாதாரண கார்ட்தான், மலிவாகக் கிடைக்கும்.