ரிப்பேர் முடிந்தும் சூடு அடங்கவில்லையா? கூலிங் சிஸ்டம் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டேன். ஐந்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. வேலை பார்த்து வண்டியை எடுத்து வந்த பிறகு சூடு வந்தால், மெக்கானிக் கை பட்ட இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு பாகத்தைச் சந்தேகிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ரேடியேட்டர் புதிதாக மாற்றினேன். குன்னூர் மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் சட்டென்று மேலே போகிறது, சற்று நேரத்தில் தானே இறங்கிவிடுகிறது. ஹீட்டர் போட்டால் ஜில்லென்று காற்று வருகிறது. தெர்மோஸ்டாட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? (மேட்டுப்பாளையம் வாசகர்)

பொறுங்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி ஹீட்டரைப் பற்றியதுதான். எஞ்சின் கொதிக்கிறது, ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது என்றால் ஹீட்டருக்குச் சூடான கூலண்ட் போய்ச் சேரவில்லை. கூலண்ட் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே காற்று அடைத்திருக்க வேண்டும். ரேடியேட்டர் மாற்றிய வண்டியில் ஏர் லாக் சர்வசாதாரணம். காற்றுக்குமிழி சென்சாரைக் கடக்கும்போது முள் தாவும். கூலண்ட் வந்ததும் இறங்கும். தெர்மோஸ்டாட் (கூலண்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வு) மூடியபடியே சிக்கிக்கொண்டால் இப்படி ஏறி இறங்காது, ஏறிக்கொண்டே போகும்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். மூடியைத் திறந்து கூலண்டை நிரப்பி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, ஐடிலில் ஓட விடுங்கள். காற்றை வெளியேற்றும் ஏர் ப்ளீட் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலண்ட் மட்டும் கசியும் வரை பார்த்து இறுக்குங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் மட்டம் திடீரென்று இறங்கும். அப்போது இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்று, ஹீட்டரிலும் சூடான காற்று வந்துவிட்டால் மூடலாம். மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டத்தை மறுபடி பாருங்கள். அன்றைக்கும் கொஞ்சம் குறைந்திருக்கும், பயப்பட வேண்டாம். அதற்கடுத்த நாளும் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

வாட்டர் பம்ப் மாற்றும்போது, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். இப்போது மைலேஜ் குறைந்திருக்கிறது, செக் எஞ்சின் விளக்கும் எரிகிறது. சம்பந்தம் உண்டா? (திருச்சி வாசகர்)

நேரடிச் சம்பந்தம். ஸ்கேனர் போட்டால் பெரும்பாலும் பி0128 என்ற கோட் வரும். கூலண்ட் சூடு, தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய அளவுக்கு ஏறவில்லை என்பது அதன் பொருள். தெர்மோஸ்டாட்டின் வேலை குளிர்விப்பது மட்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை. பல கார்களில் அது 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அது இல்லாவிட்டால் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் போவது இப்படித்தான். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் எஞ்சின் ஆயிலில் ஈரம் தங்கிக் கசடும் சேரும்.

வெயில் காரணமும் எடுபடாது. வெளியே 40 டிகிரி என்றாலும் எஞ்சினுக்குத் தேவையானது அதைவிட இரண்டு மடங்கு சூடு. இன்னொன்று, சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கவும் செய்யும். அதில் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும்; கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே சுற்றி வரும். குளிரட்டும் என்று கழற்றிய வண்டி, சுமையோடு மேடு ஏறும்போது கொதிக்கும்.

புதியதை வாங்கியதும் சோதித்துவிட்டே மாட்டச் சொல்லுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், ஆறினால் முழுக்க மூட வேண்டும். தட்டில் ஆடும் சின்ன ஊசி இருந்தால், பெரும்பாலான வண்டிகளில் அது மேல்பக்கம் வரும்படி மாட்டுவார்கள். காற்று வெளியேறும் வழி அதுதான். ஸ்பிரிங் பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டிய வண்டிகளும் ஷெட்டுக்கு வரத்தான் செய்கின்றன.

முன்பக்கம் இடித்து டிங்கரிங், பம்பர் வேலை முடிந்தது. பைபாஸ் ரோட்டில் எவ்வளவு ஓட்டினாலும் ஒன்றுமில்லை, சிக்னலில் நின்றால் சூடு ஏறுகிறது. (சென்னை வாசகர்)

ஓடும்போது சரி, நின்றால் சூடு என்றால் ஃபேன். (இதற்கு நேர்மாறாக, நின்றால் சரி, வேகமாகப் போனால் சூடு என்றால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், பாதி திறக்கும் தெர்மோஸ்டாட் இவற்றைப் பாருங்கள்.) ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் கனெக்டர், ஃபியூஸ், ரிலே. சுற்றுகிறதே என்று விட்டுவிடவும் வேண்டாம்; ஒயரை வெட்டி ஒட்டியவர் பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றியிருந்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் உள்ள வண்டியில் கிரில் வழியாக ஒரு தாளை நீட்டினால் ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் ஒயரை மாற்ற வேண்டியதுதான். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு திரும்ப மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஹெட் கேஸ்கட் மாற்றிய பிறகும் கூலண்ட் டேங்கில் குமிழி வருகிறது. மறுபடியும் போய்விட்டதா? (ஈரோடு வாசகர்)

எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைப்பதுதான் ஹெட் கேஸ்கட். முதல் ஒன்றிரண்டு நாள் குமிழி, மிஞ்சிய காற்றாக இருக்கலாம். அதற்கு மேலும் நிற்கவில்லையென்றால் இரண்டு அறிகுறிகளைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்துக்குள், கூலண்ட் சூடாகும் முன்பே ரேடியேட்டரின் மேல் ஓஸ் கல் மாதிரி இறுகுகிறதா? இரவு முழுக்க ஆறிய பிறகும் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வருகிறதா? இரண்டும் இருந்தால் சிலிண்டரிலிருந்து கேஸ் வருகிறது. பிளாக் டெஸ்டர் வைத்து உறுதி செய்யலாம். எரிந்த வாயு கலந்தால் அதன் நீலத் திரவம் மஞ்சளாகும். பில்லில் ஹெட் ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது) செய்ததற்கு வரி இருக்கிறதா பாருங்கள். சூடேறிய அலுமினிய ஹெட் லேசாக வளைந்தாலே புது கேஸ்கட் தாங்காது. பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டுகளும் ஒருமுறை இறுக்கவே ஆனவை. பழையதையே போட்டார்களா என்று கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கூலண்ட் மாற்றிய இடத்தில் போர் தண்ணீர் கலந்தார்கள். தப்பா? (ராமநாதபுரம் வாசகர்)

தப்புதான். உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும், அலுமினியத்தையும் அரிக்கும். வழியில் கொதித்து நின்றால் கிடைத்த தண்ணீரை ஊற்றி ஊர் வந்து சேரலாம், எஞ்சின் ஆறிய பிறகு. வந்ததும் இறக்கிக் கழுவிவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையே வாங்கி, கூலண்ட் பாட்டிலில் போட்டுள்ள விகிதத்தில் கலக்கச் சொல்லுங்கள். 'ரெடி டு யூஸ்' வகை என்றால் தண்ணீரே சேர்க்கக் கூடாது. பச்சையும் பச்சையும் ஒன்று என்று நிறத்தை நம்பியும் கலக்காதீர்கள். மேனுவலில் எந்த வகை என்று போட்டிருக்கும்.