கலை கேள்வி பதில்: டாடாவிலிருந்து கனவுக்கு

கேள்வி: டாடா கலைஞர்கள் எல்லாவற்றையும் உடைத்தார்கள். சர்ரியலிஸ்டுகள் கனவை வரைந்தார்கள். இரண்டும் வேறு வேறு திசை. அப்புறம் எப்படி ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்கிறார்கள்?

பதில்: மாணவனாக இருந்தபோது எனக்கும் இந்தக் குழப்பம் இருந்தது. 1916ஆம் ஆண்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோதுதான் தெளிந்தது.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த அந்த பிப்ரவரியில் பிரான்ஸின் வெர்டன் போர்முனையில் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. அதே மாதம், போரில் சேராத ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரில், கவிஞர்கள் ஹ்யூகோ பாலும் எம்மி ஹென்னிங்ஸும் 'காபரே வோல்தேர்' என்ற சிறு அரங்கைத் திறந்தார்கள். டாடா பிறந்தது அங்கேதான். சில மாதம் கழித்து, நடக்கக்கூட முடியாத அட்டை உடைக்குள் இருந்த ஹ்யூகோ பாலைத் தூக்கிவந்து மேடையில் நிறுத்தினார்கள். அவர் வாசித்த கவிதையில் எந்த மொழிச் சொல்லும் இல்லை, வெறும் ஒலிகள். தேசம், கடமை, நாகரிகம் என்ற சொற்களைச் சொல்லித்தானே பிள்ளைகளைப் பதுங்குகுழிக்கு அனுப்பினார்கள்? அந்தச் சொற்களையே கீழே போட்டுவிட்டார் பால். இதைக் கோமாளித்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய நண்பர் ஹான்ஸ் ஆர்ப் காகிதத்தைக் கிழித்துக் கீழே போட்டு, தற்செயல் தந்த அமைப்பிலிருந்து படம் செய்தார்.

அதே 1916இல், ஆந்த்ரே பிரெத்தோன் என்ற 20 வயது மருத்துவ மாணவர் பிரான்ஸின் சேன் திசியே மனநல மையத்தில் வேலை பார்த்தார். போரில் மனம் சிதைந்த சிப்பாய்கள் வருவார்கள். ஒருவர், இந்தப் போரே நாடகம், காயமெல்லாம் ஒப்பனை என்று உறுதியாக நம்பினார். அவர்களிடம் கனவுகளைக் கேட்டு, மனதில் வருவதை அப்படியே சொல்லச் சொன்னார் பிரெத்தோன். 1919இல் தானும் பிலிப் சூப்போவும் அப்படியே எழுதிப் பார்த்தார்கள்: நிறுத்தாமல், திருத்தாமல், வேகமாக.

ஆர்ப் கையைத் தற்செயலிடம் விட்டார், பிரெத்தோன் பேனாவை விட்டார். எனக்கு இரண்டும் ஒரே செயல்தான். டாடாவுக்கு அந்த விடுதலையே போதுமாக இருந்தது. விட்ட பிறகு உள்ளேயிருந்து என்ன வருகிறது என்று பிரெத்தோன் காத்திருந்தார். 1924இல் அதற்குச் சர்ரியலிச அறிக்கை எழுதினார். 'சர்ரியலிசம்' என்ற சொல்லைக் கவிஞர் அப்பொலினேர் 1917இலேயே உருவாக்கியிருந்தார்.

கேள்வி: புதிதாகப் பார்க்கத் தொடங்குபவருக்கு ஒரு படம் சொல்லுங்கள்.

பதில்: இத்தாலிய ஓவியர் ஜியோர்ஜியோ தெ கிரிகோவின் 'காதல் பாடல்', 1914. டாடாவுக்கும் முந்தியது. இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பழைய புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில்தான் முதலில் பார்த்தேன். அப்பொல்லோவின் சுண்ணச் சிலைத் தலை, பக்கத்தில் ஆணியடித்த ஒரு கை. வெட்டிய கை என்றே பல நாள் நினைத்திருந்தேன். வண்ணத்தில் பார்த்த அன்றுதான் அது ரப்பர் கையுறை என்று புரிந்தது. கீழே பச்சைப் பந்து. ஆனால் அந்த முதல் திடுக்கிடல் இன்றும் போகவில்லை. பின்னாளில் சர்ரியலிஸ்டான பெல்ஜிய ஓவியர் மக்ரித்தும் இதை அச்சுப் பிரதியில்தான் முதலில் பார்த்தார். பார்த்ததும் அழுதுவிட்டார்.