மகள் பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறாள், ஆசிரியர் வேலையை விட்டால் வேறு வழி இல்லையா?

கேள்வி கேட்டிருப்பவர் மதுரைக்காரர். மகளுக்கு நீட் தேர்வில் இடம் கிடைக்கவில்லை. இங்கேயே ஒரு கல்லூரியில் விலங்கியல் சேர்ந்து இப்போது இரண்டாம் ஆண்டு. பி.எட். முடித்து ஆசிரியையாகட்டும் என்கிறார்கள் உறவினர்கள். எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி சேர்த்துவிட்டால் வேலை வீடு தேடி வரும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் பேச்சைக் கேட்பது என்பது அவர் கவலை.

இரண்டு பேச்சையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். நான் மதுரையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் இளநிலைப் பட்டமும் விலங்கியல்தான். எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது நானும் உட்கார்ந்து பார்ப்பதுண்டு.

முதலில், அவள் எம்.எஸ்சி.க்கு எந்தப் பாடத்தை எடுக்கிறாள் என்பதில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. உயிரியல் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அரசு அறிவிக்கை பட்டத்தின் பெயரைத்தான் பார்க்கும். இந்திய வனப்பணித் தேர்வுக்கான தகுதிப் பட்டியலில் விலங்கியலும் தாவரவியலும் பெயரோடு இருக்கின்றன. பயோடெக்னாலஜியும் மைக்ரோபயாலஜியும் இல்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு அப்படியே தலைகீழ். 2011ஆம் ஆண்டு விதிகளில் பயோடெக்னாலஜி, உயிர்வேதியியல், மைக்ரோபயாலஜி எல்லாம் உண்டு, விலங்கியலைக் காணோம். பள்ளி ஆசிரியர் பணியிலும் இதே கதை. இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று தேடிக்கொண்டு, சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் கையில் கோப்போடு நிற்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே அரசு வேலைதான் குறி என்றால், பிடித்த மூன்று பதவிகளின் பழைய அறிவிக்கைகளை இறக்கி, கல்வித் தகுதிப் பத்தியை ஒரு முறை படியுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். விலங்கியலில் இருக்கும் பெண்ணை அவசரப்பட்டு வேறு பெயருக்கு மாற்ற வேண்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால் கதை வேறு. அங்கே பட்டப் பெயரைவிட நுழைவுத் தேர்வுக்குத்தான் மதிப்பு. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரிக்கும் எம்.எஸ்சி. இடங்களுக்கு 'காட்-பி' தேர்வு இருக்கிறது. நம் காமராசர் பல்கலைக்கழகமும் அந்தப் பட்டியலில் வந்திருக்கிறது. ஐ.ஐ.டி.களுக்கு 'ஜாம்'. எம்.எஸ்சி. முடித்து, அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் முனைவர் பட்டம் ஐந்தாறு ஆண்டுகளை எடுத்துக்கொள்ளும். கல்யாணப் பேச்சை அதுவரை நிறுத்தி வைக்க வீட்டில் தெம்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

மதுரையை விட்டு அனுப்ப மனமில்லை என்றாலும் வழி அடைபட்டுப் போகவில்லை. கண் அறுவைச் சிகிச்சைக்கான செயற்கை லென்ஸ் தயாரிக்கும் ஆரோலேப் இங்கேதான் 1992 முதல் இயங்குகிறது. கண்ணுக்குள் வைக்கும் பொருளில் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது. அதைச் சோதிக்க நுண்ணுயிரியல் தெரிந்தவர்கள் எந்தத் தொழிற்சாலைக்கும் தேவை. சின்னச் சொக்கிகுளத்தில் கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் மத்திய நிலையம் இருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பற்றிய முக்கியமான ஆய்வுகள் அங்கே நடந்தவை. விலங்கியல் படித்த பெண்ணுக்குப் பூச்சியியல் அந்நியமான பாடமல்ல; அதன் தலைமை நிறுவனம் புதுச்சேரியில் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி.யே நடத்துகிறது. கருத்தரிப்பு மையங்களும் பெருகிவிட்டன. 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்துக்குப் பிறகு, ஆய்வகத்தில் கருவைக் கையாளும் கருவியல் வல்லுநருக்கு உரிய தகுதி வேண்டும் என்பது கண்டிப்பாகிவிட்டது. அதற்கென்றே தனி முதுநிலைப் படிப்பு உண்டு. பறவை, பூச்சி என்று வெளியே அலையப் பிடிக்குமானால், மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். சுமார் 250 பறவையினங்கள் அங்கே உண்டு என்று எழுத, யாரோ வெயிலில் நின்று எண்ணத்தானே வேண்டும்? ஆனால் இந்தத் துறையில் நிரந்தர வேலை அரிது, திட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும்.

மெடிக்கல் கோடிங், அதாவது நோயாளியின் நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் வேலை பற்றியும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். கௌரவமான வேலைதான், உடற்கூறியல் சொற்கள் தெரிந்திருப்பதால் விலங்கியல் மாணவிகளுக்குச் சுலபமாகப் பிடிபடும். நாள் முழுக்கத் திரையைப் பார்த்திருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவே. 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று போர்டு வைத்து முன்பணம் கேட்கும் பயிற்சி நிலையத்தை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

இனி நேர்முகத் தேர்வு மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் பார்ப்பது. மதிப்பெண் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, துளியிலும் சிறிய அளவில் திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டைக் கையில் கொடுத்து 20 மைக்ரோலிட்டர் எடுக்கச் சொல்வோம். அதன் குமிழைக் கட்டைவிரலால் அழுத்தினால் இரண்டு இடங்களில் தட்டும். முதல் தட்டில் நிறுத்தித் திரவத்துக்குள் விட்டு மெதுவாக விடுவித்து உறிஞ்ச வேண்டும். வெளியேற்றும்போதுதான் இரண்டாம் தட்டு வரை போக வேண்டும். உறிஞ்சும்போதே கடைசி வரை அழுத்திவிட்டால் அளவு கூடிப்போகும், நோயாளியின் முடிவும் தவறாகிவிடும். தங்கப் பதக்கம் வாங்கிய பிள்ளைகள் இங்கே தடுமாறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; பல கல்லூரிகளில் முப்பது பேருக்கு இரண்டு பிப்பெட்டுகள், அவற்றையும் பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். பத்து மடங்கு நீர்த்தல் கணக்கை வாயால் சொல்லத் தெரிந்து, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் வளர்ந்த கூட்டங்களை நிதானமாக எண்ணத் தெரிந்த பெண் கிராமத்துக் கல்லூரியிலிருந்து வந்தாலும் எங்களுக்குப் போதும்.

பி.எட். பற்றி ஒரு வரி. அது இரண்டு ஆண்டு, எம்.எஸ்சி.க்குப் பிறகும் சேரலாம். பாடம் நடத்த ஆசைப்படுகிறவள் என்றால் தாராளமாகப் போகட்டும், வேறு கதியில்லை என்று தள்ளிவிடாதீர்கள்.

இந்த ஆண்டே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி நடத்துகின்றன. இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் உதவித்தொகையோடு வேலை பழகலாம். விண்ணப்பம் பெரும்பாலும் தீபாவளியை ஒட்டிய மாதங்களில் வரும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் கட்டாயம் கேட்பார்கள். துறையில் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிற பேராசிரியை யாராவது இருந்தால், இப்போதே காதில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.