தொண்டைத் தொற்று புற்றுநோயாக மாறுமா?

கேள்வி: எனக்கு 42 வயது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை தொண்டையில் பாக்டீரியா தொற்று வருகிறது, ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் போய்விடும். இப்படி அடிக்கடி வந்தால் தொண்டைப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை டாக்டர். அல்சர் கிருமியால் வயிற்றில் புற்றுநோய் வரும் என்கிறார்களே, தொண்டைக்கும் அதே கதைதானா? சிகரெட் உண்டு, ரொம்ப இல்லை.

பதில்: கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். உங்கள் தொண்டைத் தொற்றைவிட அந்தச் சிகரெட்டுக்குத்தான் நான் பயப்படுவேன்.

வயிற்றுக் கதை உண்மை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை, வயிற்றுப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளில் ஒன்றாக 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்துவிட்டது. ஆனால் அது வயிற்றுச் சுவரில் பல பத்தாண்டுகள் குடியிருந்து, ஓயாமல் அழற்சியை உண்டாக்கி, அப்புறம்தான் சிலருக்கு மட்டும் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது. தொண்டை வலி தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒரு வாரத்தில் வந்து போகிற ஆள், அதனால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை என்பதையும் மறக்க வேண்டாம், அவற்றுக்கு ஆன்டிபயாடிக் வீண்.

சந்தேகத்தில் இருப்பவை ஈறு நோய்க் கிருமிகள். 2024-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் 1,60,000 பேரிடம் நோய் வருவதற்கு முன்பே வாய் கொப்பளித்த நீரை வாங்கி வைத்து, 10 முதல் 15 ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்களில் 236 பேருக்குத் தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்தது, 13 வகை பாக்டீரியாக்கள் அதோடு தொடர்புள்ளவையாகத் தெரிந்தன. தொடர்பு என்றுதான் சொல்கிறேன், காரணம் என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் மது குடிப்பவர்களுக்கு ஒன்று உறுதி: வாயில் இருக்கும் சில பாக்டீரியாக்களே ஆல்கஹாலை அசிட்டால்டிஹைட் ஆக மாற்றுகின்றன, அது மரபணுவைச் சேதப்படுத்தும் நஞ்சு. புகையும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பெருகுகிறது.

தொண்டைப் புற்றுநோயை உண்டாக்குவது நிரூபிக்கப்பட்ட கிருமி ஒன்று உண்டு, ஹெச்.பி.வி. அது வைரஸ், ஆன்டிபயாடிக்குக்கு அசையாது, தடுப்பூசிதான் வழி.

சரி, இப்போது என்ன செய்வது? மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பு, விழுங்கும்போது சிக்கல், கழுத்தில் வலியில்லாத கட்டி, ஒரு பக்கக் காது மட்டும் வலிப்பது, எச்சிலில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் மறுபடி மாத்திரை வாங்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'தொற்றுதான்' என்று கோர்ஸ் மேல் கோர்ஸாக மாத்திரை சாப்பிட்டு மாதங்களை விடுவதுதான் உண்மையான ஆபத்து.

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய், அடுத்த மாதம் கதிர்வீச்சு தொடங்குகிறது. கிருமியால் வந்திருந்தால் அவர் குடித்த டம்ளரில் நாங்கள் குடிக்கலாமா?

பதில்: தாராளமாகக் குடிக்கலாம், புற்றுநோய் தொற்றாது. தனித்தட்டு, தனி டம்ளர் என்று அவரை ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். அதைவிட அவசரம், கதிர்வீச்சுக்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டுவது. எடுக்க வேண்டிய பல் இருந்தால் இப்போதே எடுத்து, புண் ஆறவும் நாள் கொடுக்க வேண்டும், கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் படுத்தும்.