தோசைக்கல் தோட்டாவைத் தடுக்குமா?

தீயணைப்புத் துறையில் 29 ஆண்டு வேலை பார்த்தவன் என்பதால் சிலிண்டர் கசிவு, ஷார்ட் சர்க்யூட், கிணற்றில் விழுந்த மாடு என்றுதான் இதுவரை கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இந்த முறை பள்ளி விடுமுறை போலிருக்கிறது, வந்த கடிதங்களில் பாதி வீடியோ கேம் பற்றியவை. என் பேரன் துப்பாக்கிச் சண்டை கேமான பிஜிஎம்ஐ, கட்டைகளை அடுக்கி ஆடும் மைன்கிராஃப்ட் இரண்டும் ஆடுகிறவன். இரண்டு நாள் அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சார், பிஜிஎம்ஐ-யில் முதுகில் ஃப்ரையிங் பேன் மாட்டியிருந்தால் அதில் படுகிற தோட்டா உள்ளே போகாது. நிஜத்திலும் அப்படியா? – 8-ஆம் வகுப்பு மாணவர், கோவில்பட்டி

தம்பி, வீட்டில் வார்ப்பு இரும்பு தோசைக்கல் இருந்தால் பாட்டியிடம் விசாரித்துப் பாருங்கள். கை தவறி சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்த கல்லின் கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். வார்ப்பு இரும்பு கெட்டிதான், ஆனால் வளைந்து கொடுக்காது, உடையும். ஏகேஎம் துப்பாக்கியின் தோட்டா நொடிக்கு 700 மீட்டருக்கு மேல் வருகிறது. கல் உடைந்தால் தோட்டாவோடு அதன் சில்லும் சேர்ந்து முதுகில் ஏறும்.

அதே கேமில் சுடும்போது தண்ணீருக்குள் முங்கிவிடுகிறார்களே, அதைச் சும்மா விட்ட கதை என்று நினைத்தேன். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அமெரிக்காவின் மித்பஸ்டர்ஸ் டிவி நிகழ்ச்சியில் தண்ணீருக்குள் சுட்டே பார்த்தார்கள். அதிவேக ரைஃபிள் தோட்டாக்கள்தான் மூன்று அடிக்குள் சிதறிப்போயின. மெதுவாகப் போகிற பிஸ்டல் தோட்டா அதைவிட ஆழமாக இறங்கியது. வேகமாக மோதுகிறவனுக்குத் தண்ணீர் சுவர் மாதிரி. இதை அடுத்த கேள்விக்கும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மைன்கிராஃப்டில் எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அதில் இறங்கினால் அடிபடாது. வைக்கோல் கட்டில் விழுந்தாலும் அடி குறைவு. இதில் எது உண்மை? – ஒரு கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பத்து மாடி, அதாவது 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும்போது வேகம் மணிக்கு சுமார் 87 கிலோமீட்டர். உலக ஹை டைவிங் போட்டியில் ஆண்கள் குதிப்பது 27 மீட்டரிலிருந்து. பல வருடம் பழகிய அவர்களே கால் முதலில் படும்படி இறங்குகிறார்கள், தூக்கிவிட நீச்சல்காரர்கள் தண்ணீரிலேயே காத்திருக்கிறார்கள். வாளித் தண்ணீரில் கணுக்கால்கூட நனையாது.

வைக்கோலில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஏனென்றால் அது அமுங்கும். ஆனால் எவ்வளவு? 30 மீட்டரில் சேர்த்த வேகத்தை ஒன்றரை மீட்டர் வைக்கோல் நிறுத்துகிறது என்றால், உடம்பு தன் எடையைப்போல் சுமார் 20 மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். நாங்கள் ஜம்பிங் ஷீட் விரித்துப் பிடிப்பதே இரண்டு, மூன்று மாடி உயரத்துக்குத்தான். சின்ன வயதில் மாட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து வைக்கோல் போரில் நானும் குதித்திருக்கிறேன், எட்டடி இருக்கும். வைக்கோல் பிடுங்குகிற இரும்புக் கொக்கியை யாரோ அதிலேயே செருகி மறந்திருந்தார்கள். வலது தொடையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

என் மகன் கை அறுபட்டால் 'ஃபர்ஸ்ட் எய்ட் போட்டு எனர்ஜி டிரிங்க் குடித்தால் போதும்' என்கிறான். என்ன சொல்வது? – ஒரு தாய், திருப்பூர்

பேரன் ஆடும்போது வாட்சைப் பார்த்தேன். ஆறு விநாடியில் ஃபர்ஸ்ட் எய்ட் முடிந்து, ஆள் எழுந்து ஓடுகிறான். நிஜத்தில் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். கஷ்டம் என்னவென்றால் நிமிடத்துக்கொரு தரம் துணியைத் தூக்கி 'நின்றுவிட்டதா' என்று பார்க்கத் தோன்றும். தூக்கினால் உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி பெருகும். எனர்ஜி டிரிங்க் எதற்கும் உதவாது. பெரிய காயம் என்றால் வாய்க்கு எதுவுமே கொடுக்கக் கூடாது, ஆபரேஷன் தேவைப்படலாம். விபத்து நடந்த இடத்தில் "சோடா வாங்கிட்டு வா" என்று ஓடுகிற நம் ஊர்ப் பழக்கத்துக்கும் இதுதான் பதில். அந்த நேரத்தில் 108-ஐ அழையுங்கள்.

ஆனால் பையனைத் திட்டிவிடாதீர்கள். 2007-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு கார் உருண்டு கிடந்தது. வழியில் வந்த ஒருவர், விரல்கள் போய் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தவரின் கையில் துண்டை வைத்து அழுத்தி, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். அவர் கற்றது 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற கேமில். அதில் மருத்துவ வீரனாக ஆட வேண்டுமென்றால் முதலில் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டுத் தேர்வில் தேற வேண்டியிருந்தது. மற்ற பிள்ளைகள் கொட்டாவி விட்டிருக்கக்கூடிய பகுதி அது.

ஜோம்பி கேம்களில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி ஒளிந்துகொள்கிறார்கள். வெள்ளம், கலவரம் என்றால் அப்படித் தப்பலாமா? – ஐடி ஊழியர், சென்னை

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒருமுறை கழிவுநீர்த் தொட்டி ஒன்றுக்கு அழைப்பு வந்தது. ஊரைச் சொல்ல வேண்டாம். போய் இறங்கினால் மூடிக்குப் பக்கத்தில் மூன்று ஜோடி செருப்பு, வரிசையாக. முதலில் இறங்கியவர் சத்தமில்லாமல் சரிந்திருக்கிறார். தூக்கிவிட அண்ணன் இறங்கினார். இருவரையும் தூக்க பக்கத்து வீட்டுக்காரர். மூன்று பேரும் ஐந்து நிமிடத்துக்குள். தொட்டியின் ஆழம் ஏழு அடிதான்.

உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டதென்று ஆள் இன்னும் ஒரு படி இறங்குவார். கைக்குட்டையோ, துணி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. நாங்களே பி.ஏ. செட் என்ற மூச்சுக் கருவி மாட்டாமல் இறங்க மாட்டோம். முதுகில் காற்று சிலிண்டர், இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே இருக்கிறவர் கையில். சிலிண்டரில் காற்று குறைந்தால் விசில் அடிக்கும், அடித்தால் ஏறிவிட வேண்டும். கேமில் கதாநாயகன் சாக்கடையில் பத்து நிமிடம் நடந்தான், ஒரு தடவைகூட இருமவில்லை. வெள்ளக் காலத்தில் அதே குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்பது வேறு கதை.

"அப்போ உள்ள விழுந்தவரை என்ன பண்றது தாத்தா?" என்றான் பேரன். 101-க்கு போன் செய், மூடியைத் திறந்தே வை, நீ தள்ளி நில், வேறு யாரையும் இறங்க விடாதே என்றேன். கடைசியாகச் சொன்னதுதான் நிஜத்தில் முடியவே முடியாதது. உள்ளே கிடப்பது அண்ணன் என்றால் யார் நிற்பார்கள்?

மைன்கிராஃப்டில் பச்சைக் கோழிக்கறி சாப்பிட்டால் விஷமாக 30 சதவீத வாய்ப்புதான், அதுவும் 30 விநாடிதான். நிஜத்தில்? – மதுரை வாசகர்

சால்மோனெல்லா கிருமி தொற்றினால் சாப்பிட்ட ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாளுக்குள் வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கலாம். பெரும்பாலும் நாலு முதல் ஏழு நாள் இழுக்கும். உங்கள் வீட்டில் எத்தனை கழிவறை?