டெலஸ்கோப்புக்கு எந்த கேமரா பொருந்தும்? கேளுங்கள், சொல்கிறேன்

மார்த்தாண்டம்: அண்ணா, 8 அங்குல டாப்சோனியன் (எளிய பீடத்தில் நிற்கும் ஆடி டெலஸ்கோப்), 1200 மி.மீ. குவியத்தூரம். கேனான் டிஎஸ்எல்ஆர் மாட்டினால் நிலா மங்கலாகவே இருக்கிறது. கேமரா போதாதா?

கேமரா மேல் தப்பில்லை தம்பி. அதன் சென்சார், லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து 44 மி.மீ. உள்ளே இருக்கிறது, கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த டாப்சோனியனில் பெரும்பாலும் ஃபோகஸர் அவ்வளவு கீழே இறங்காது. 2 மடங்கு பார்லோ (குவியத்தூரத்தைக் கூட்டும் லென்ஸ்) போட்டுப் பாருங்கள், ஃபோகஸ் வந்துவிடும். ஆனால் முழு நிலா அடங்காது. குவியத்தூரத்தை 110ஆல் வகுத்தால் நிலா பிம்பத்தின் அகலம். பார்லோவோடு 1200 இரட்டித்து 2400 ஆகிவிடும், அதற்கு 22 மி.மீ. வரும், உங்கள் சென்சாரின் உயரமோ 15தான். இரண்டு மூன்று படமாக எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில்: 8 அங்குல ஷ்மிட்-கேசக்ரெயினுக்கு (ஆடியும் லென்ஸும் சேர்ந்த டெலஸ்கோப்) ஏஎஸ்ஐ 533 கேமரா வாங்கலாமா சார்? நெபுலா (விண்வெளி வாயு மேகம்) எடுக்க ஆசை.

வாங்கலாம், ஆனால் முதலில் ஒரு கணக்கு. பிக்சல் அளவை (மைக்ரானில்) 206ஆல் பெருக்கி, மி.மீ. குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். 3.76 பிக்சல், 2032 மி.மீ. என்றால் பிக்சலுக்கு 0.38 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் செகண்ட்). நம்ம ஊர்க் காற்று நட்சத்திரத்தை எவ்வளவு ஊதிவிடுகிறது? நான் 3 ஆர்க் செகண்ட் என்று வைத்துத்தான் கணக்குப் போடுவேன், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று அடிக்கிற மாதங்களில் அதுவும் பேராசை. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது பிக்சலுக்கு 1 ஆர்க் செகண்ட் போதும். 0.38 வைத்தால் ஒரே நட்சத்திரத்தின் ஒளியை ஐம்பது பிக்சலுக்குப் பங்கு வைக்கிறீர்கள், விவரம் ஒன்றும் கூடாது, இருட்டுதான் கூடும். 0.63 ரெடியூசர் (குவியத்தூரத்தைக் குறைக்கும் லென்ஸ்) போட்டு 2×2 பின்னிங் (நாலு பிக்சலை ஒன்றாகச் சேர்ப்பது) செய்தால் 1.2 வரும். சரியாக இருக்கும்.

முட்டம்: அப்போ வியாழனுக்கும் இதே கணக்கா?

இல்லை. கோள்களுக்கு வீடியோ எடுத்து, காற்று அடங்கிய ஃபிரேம்களை மட்டும் பொறுக்குகிறோம், அதனால் நுணுக்கமாகவே போகலாம். பிக்சல் அளவை 5ஆல் பெருக்கினால் வேண்டிய எஃப் எண் (குவியத்தூரத்தை டெலஸ்கோப்பின் விட்டத்தால் வகுத்தது): 2.9 மைக்ரானுக்கு எஃப்/14.5 சுற்றி.

கன்னியாகுமரி: 400 மி.மீ. குவியத்தூர ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்), அதே 533. முதலில் எதை எடுக்கட்டும்?

ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. சென்னைக்காரர்களைவிட நமக்கு 5 டிகிரி கூடுதல் உயரத்தில் வரும், மே மாதம் இரவு பத்து மணிக்கு தெற்கே 34 டிகிரியில் நிற்கும். படப்பரப்பு 1.6 டிகிரி, தாராளமாக அடங்கும். துருவ நட்சத்திரம் 8 டிகிரியில் தென்னைமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அதனால் ட்ரிஃப்ட் அலைன்மென்ட் (வேறு நட்சத்திரங்கள் நகர்வதைப் பார்த்தே டெலஸ்கோப்பின் அச்சைத் துருவத்துக்கு நேராக்குவது) இப்போதே பழகிக்கொள்ளுங்கள். லென்ஸில் பனி படியாமல் காக்கும் ட்யூ ஹீட்டர் வாங்கியாச்சா?