பசிக்கவே இல்லை, பசி அடங்கவே இல்லை: அனோரெக்சியாவிலிருந்து மீள்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

உணவுக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் குழுவில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். அனோரெக்சியா என்பது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை மிகவும் குறைத்துக்கொள்ள வைக்கும் ஒரு கோளாறு. பதில்களுக்கு முன் இரண்டு விஷயம். எடை, கலோரி எண்கள் எதையும் எழுதப் போவதில்லை. கேள்விகளில் இருந்தவற்றையும் எடுத்துவிட்டேன். மீண்டு வருகிற ஒருவர் இன்னொருவரின் எண்ணைப் பார்த்தால் உடனே தன்னோடு ஒப்பிடத் தொடங்கிவிடுவார். அடுத்தது, பல நாட்களாக மிகக் குறைவாகச் சாப்பிட்டு வந்தவர்கள், இன்னும் மருத்துவரைப் பார்க்கவில்லை என்றால், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தாங்களாக நிறையச் சாப்பிட ஆரம்பிக்க வேண்டாம். காரணம் கீழே ஒரு பதிலில் வருகிறது.

கல்லூரி மாணவி: அக்கா, நேரம் போட்டுச் சாப்பிடச் சொல்லி அட்டவணை கொடுத்திருக்காங்க. எனக்குப் பசியே எடுக்கலை. பசித்துப் புசின்னுதானே பெரியவங்க சொல்றாங்க? பசிக்காம சாப்பிட்டா உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

பசி ஒழுங்காக எடுக்கிறவர்களுக்குச் சொன்னது அது. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் அந்தக் கணக்குத் தப்பிப்போகும். இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும் என்பதால் நாலு வாய் போனதுமே வயிறு நிறைந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் இந்த நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கிறது. உடம்பு கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது, உங்களுக்கு அது பசியாக உறைப்பதில்லை.

அதனால் இப்போதைக்குக் கடிகாரத்தை நம்புங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டோ மூன்றோ சிற்றுண்டி, எந்த இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். மாத்திரையை விருப்பம் வரட்டும் என்று காத்திருந்தா போடுகிறோம்? நேரமாகிவிட்டால் போட்டுவிடுகிறோம். சாப்பாட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ருசியே தெரியாமல் கடமைக்குச் சாப்பிடுவதாக இருக்கும், அதில் தவறே இல்லை.

இன்னொன்று. பசி என்றால் வயிறு கூப்பிட வேண்டும் என்று எண்ணாதீர்கள். காரணமில்லாத எரிச்சல், விரல் சில்லிடுவது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது, சமையல் வீடியோக்களை ஓயாமல் பார்ப்பது எல்லாமே பசியாக இருக்கலாம். உங்கள் கேள்வியின் மீதிப் பகுதியில் இவற்றில் மூன்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: எனக்கு நேர் எதிர். சில வாரமா ஒழுங்கா சாப்பிடறேன். இப்ப நிறுத்தவே முடியலை. வயிறு முட்ட சாப்பிட்டு எழுந்தாலும் பசிக்குது. ராத்திரி சாப்பாடு கனவுல வருது. ஒரு நோய் போய் இன்னொரு நோய் வந்துடுச்சோன்னு பயமா இருக்கு.

இந்தக் கேள்விதான் அதிகம் பேரிடமிருந்து வந்தது. கேட்டவர்கள் எல்லோருமே வெட்கப்பட்டுக்கொண்டு எழுதியிருந்தார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே அதற்கு முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறையப் பாதிதான் கிடைத்தது. உடல் எடையில் சுமார் கால் பங்கு கரைந்தது. குண்டாகிவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு இருந்ததில்லை. அப்படியும் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், தட்டை நக்கினார்கள், உணவைக் கனவில் கண்டார்கள். படிக்கும்போது உங்களைப் பற்றியே எழுதியதுபோல் இருக்கிறது அல்லவா? இவற்றில் பெரும்பகுதி உங்கள் குணக்கேடு இல்லை, பட்டினியின் விளைவு.

நீங்கள் கேட்டதற்கான பதில் அந்த ஆய்வின் பிற்பகுதியில் இருக்கிறது. உணவுக் கட்டுப்பாடு நீங்கிய பிறகும் பலருக்குப் பசி அடங்கவில்லை. பெரிய சாப்பாடு சாப்பிட்ட கையோடு இன்னும் வேண்டும் என்றார்கள். அந்தத் தரவுகளைப் பின்னாளில் மறுபடி அலசியவர்கள், இழந்த கொழுப்பு திரும்பியது மட்டும் போதவில்லை, தசை முதலான திசுக்களும் மீளும்வரை அந்தப் பெரும்பசி நீடித்தது என்று கண்டார்கள். இதயம், எலும்பு, தசை எல்லாவற்றையும் பழுது பார்த்து முடிக்கும்வரை உடம்பு கேட்கத்தான் செய்யும். நீங்கள் பேராசைக்காரர் ஆகிவிடவில்லை.

நடைமுறைக்கு வருவோம். அதிகம் சாப்பிட்டுவிட்டோமே என்று அடுத்த வேளையைத் தவிர்க்காதீர்கள். அங்கேதான் சுழல் தொடங்கும்: தவிர்ப்பு, அதனால் இன்னும் மூர்க்கமான பசி, பிறகு குற்றவுணர்வு, மறுபடி தவிர்ப்பு. இந்தச் சுழலில் சிக்கிச் சிலர் புலிமியாவுக்கு, அதாவது கட்டுப்பாடின்றிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி, பேதி மருந்து என்று ஈடுகட்டப் பார்க்கும் நோய்க்கு, போவது உண்மைதான், அதனாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். வேளைச் சாப்பாட்டின் அளவைக் கூட்டுங்கள். படுக்கப்போகும் முன் ஒரு சிற்றுண்டி வைத்துக்கொண்டால் இரவுப் பசி பெரும்பாலும் தணியும். யாருக்கும் தெரியாமல், கட்டுப்பாடே இழந்த உணர்வோடு சாப்பிடுவது அடிக்கடி நடந்தாலோ, வாந்தி எடுக்கவோ பேதி மருந்து தேடவோ தோன்றினாலோ அன்றைக்கே உங்கள் குழுவிடம் சொல்லுங்கள். திட்டமாட்டார்கள். அதைச் சரிசெய்யத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

இரவுப்பணி செவிலியர்: சாப்பிட்ட உடனே வயிறு ஊதிக்கொள்கிறது. கர்ப்பிணி மாதிரி தெரிகிறது.

மந்தமான இரைப்பையும் மலச்சிக்கலும் சேர்ந்து செய்கிற வேலை. பெரும்பாலோருக்கு ஒழுங்காகச் சாப்பிடச் சாப்பிடச் சில வாரங்களில் தளரும். அளவைப் பிரித்து அடிக்கடி சாப்பிடுங்கள். பச்சைக் காய்கறியால் வயிற்றை அடைக்காமல், கொஞ்சத்திலேயே அதிகச் சத்து உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மெல்ல முடியாத நாளில் அதைத் திரவமாகக் குடிக்கலாம். சாப்பாட்டுக்கு முன் தண்ணீரால் வயிற்றை நிரப்பும் பழைய பழக்கத்தை விட வேண்டும். பேதி மருந்து கூடவே கூடாது, அது பொட்டாசியத்தை இறக்கிவிடும். வயிறு இறுகி, கடும் வலியோடு வாந்தி நிற்காமல் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு தாய்: மகளுக்கு 14 வயசு. அவளுக்குப் பசிச்சா அவளே கேட்பா, வற்புறுத்தாதேன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. பக்கத்துல உட்கார்ந்து ஊட்டாத குறையா சாப்பிட வைக்கிறேன். தப்பு பண்றேனா?

இல்லை அம்மா, சரியாகத்தான் செய்கிறீர்கள். வளரிளம் பருவத்தினருக்கு நல்ல சான்றுகள் உள்ள சிகிச்சையே பெற்றோர் வழியாக நடப்பதுதான். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான முறை அது. என்ன, எப்போது, எவ்வளவு என்பதை முதலில் பெற்றோர் முடிவு செய்கிறார்கள். பிள்ளை தேறத் தேற அந்தப் பொறுப்பைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். நோய்தான் அவளைச் சாப்பிட விடாமல் தடுக்கிறது, அவள் கேட்கும்வரை காத்திருந்தால் நோய்க்குத்தான் நேரம் கிடைக்கும்.

சாப்பாட்டு வேளையில் கலோரி வாதத்துக்குப் போகாதீர்கள், நீங்கள் ஜெயிக்கவே முடியாது. "கஷ்டமாத்தான் இருக்கும், தெரியுது. அடுத்த வாய் எடுத்துக்கோ. நான் இங்கேயே இருக்கேன்." இவ்வளவு போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய்விடாமல் அரை மணி, ஒரு மணி நேரம் உடன் இருங்கள். பதற்றம் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். உறவினர்களிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: அவளைப் பார்த்து "இப்பத்தான் பூசினாப்புல இருக்கே" என்று சொல்லவே கூடாது. பாசத்தில் சொல்கிற அந்த ஒரு வார்த்தை ஒரு வாரச் சாப்பாட்டைக் கெடுத்துவிடும்.

இன்னொரு தாய்: மருத்துவமனையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறார்கள். பிள்ளை இவ்வளவு மெலிந்திருக்கும்போது ஒரேயடியாகக் கொடுத்தால் என்ன?

முதலில் சொன்னேனே, அந்தக் காரணம் இதுதான். பட்டினியில் இருந்த உடம்புக்குத் திடீரென்று மாவுச்சத்து போனால் இன்சுலின் ஏறும். உடனே ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் பாய்ந்து, ரத்தத்தில் அவற்றின் அளவு சட்டென்று இறங்கும். இதயத் துடிப்பு தடம் மாறலாம், மூச்சு திணறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பார்கள். ஆபத்து அதிகம் முதல் சில நாட்களில்தான், அதனால் அப்போது ரத்தப் பரிசோதனை அடிக்கடி எடுப்பார்கள், தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். படபடப்பு, மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு, திடீர் வீக்கம், மிகுந்த தளர்ச்சி தெரிந்தால் உடனே சொல்லுங்கள். ஆனால் இதற்குப் பயந்து தேவைக்கும் குறைவாகவே கொடுத்துக்கொண்டிருப்பதும் ஆபத்துதான். கண்காணிப்போடு கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

ஓர் ஆண் வாசகர்: என் எடை "நார்மல்". அதனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று ஒரு மருத்துவர் அனுப்பிவிட்டார். ஆனால் நின்றால் கண் இருட்டுகிறது.

வேறு மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டிலேயே, நிறைய எடை இழந்தும் இயல்பான அளவுக்குக் கீழே போகாதவர்களின் அனோரெக்சியா இடம்பெற்றுவிட்டது. நாடித் துடிப்பு குறைவதும் உப்புகள் சரிவதும் எந்த எடையிலும் நடக்கும், ஆண்களுக்கும் நடக்கும். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடியும் ரத்த அழுத்தமும், ஓர் ஈசிஜி, ரத்தத்தில் உப்புகளின் அளவு: இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எவ்வளவு காலத்தில் எவ்வளவு எடை இறங்கியது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

முதல் மாணவியே மீண்டும்: ராத்திரி உடம்பெல்லாம் வேர்க்குது. இது எதனால?

உணவு வரத் தொடங்கியதும், அடங்கிக் கிடந்த வளர்சிதை மாற்றம் வேகமெடுக்கிறது. மீட்சியில் பலருக்கு இப்படி வேர்க்கும். காய்ச்சல் இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

ஆசிரியை ஒருவர்: ஏறுகிற எடை எல்லாம் முகத்துக்கும் வயிற்றுக்குமே போகிறது. கை கால் குச்சியாகவே இருக்கிறது. இதைப் பார்த்தால் அட்டவணையைக் கிழித்துப் போடத் தோன்றுகிறது.

முதல் வாரங்களில் ஏறுவதில் ஒரு பகுதி நீர். அதன்பின் கொழுப்பு முதலில் நடு உடலில் சேர்வது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். நல்ல எடையை ஓராண்டு போல் தக்கவைத்தவர்களுக்கு அது உடல் முழுக்கப் பரவிச் சமனாகிறது. பாதியில் நிறுத்திவிட்டால் இந்தக் கட்டத்திலேயே சிக்கிக்கொள்வீர்கள், சமனாகும் கட்டம் வரவே வராது. கண்ணாடியைத் துணியால் மூடிவைப்பதில் வெட்கம் வேண்டாம். எடை பார்ப்பதைக் குழுவிடம் விட்டுவிடலாம், எண் உங்களுக்குத் தெரியாமலே பார்க்கச் சொல்லலாம். கால் வீக்கம் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எடை மீண்டு சில மாதங்கள் ஆனவர்: கடிகாரத்தை எப்போது விடலாம்? பசியை நம்பிச் சாப்பிட ஆசையாக இருக்கிறது.

அந்த ஆசையே நல்ல செய்தி. சாப்பாட்டுக்குச் சற்று முன் வயிறு தானாகக் கூப்பிடுகிறதா? முன்பு பயந்த உணவுகளையும் சாப்பிட முடிகிறதா? ஒரு வேளை கூடினாலும் குறைந்தாலும் மனம் பெரிதாக ஆடாமல் இருக்கிறதா? ஆம் என்றால் குழுவிடம் பேசிவிட்டு ஒரே ஒரு சிற்றுண்டியில் தொடங்குங்கள்: எதை, எவ்வளவு என்பதைப் பசி சொல்லட்டும், நேரம் மட்டும் மாற வேண்டாம். அது நிலைத்த பிறகு அடுத்தது.

காய்ச்சல், தேர்வு, பயணம், துக்கம் வரும்போது பசி முதலில் காணாமல் போகும். அந்த நாட்களில் யோசிக்காமல் கடிகாரத்துக்குத் திரும்பிவிடுங்கள். எடை சரியத் தொடங்கினாலும் அப்படியே. தேறிப் பல ஆண்டு ஆன பிறகும் நேரம் வைத்தே சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.